உங்கள் மைத்துனியை எங்கிருந்து படிப்பது?

அன்பும் மரியாதையும் மிக்க சகலை அண்ணாவுக்கு,

உங்கள் இளைய சகலை எழுதிக்கொள்வது. இங்கு என் கழுத்து நீங்கலாக அனைவரும் நலம். அங்கு அக்காவும் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் கழுத்துக்கு வந்த கேட்டுக்கு நீங்கள்தான் முழுக் காரணம் என்றாலும், அதை மனதில் வைத்துக்கொள்ளாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனி, அதாவது என் மனைவி, விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறவள் என்பது ஊரறிந்த விஷயம். அதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை என்பது நீங்கள் மட்டும் அறிந்த விஷயம். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய காலமெல்லாம் நான் படித்தது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை ஒன்றைத்தான். அதிலும் கடைசி வரி எனக்குத் தெரியாது. இப்படிப்பட்டவனிடம் போன மாதம் பதிப்பகத்தார் போன் செய்து, “சார், மேடத்தோட கதையெல்லாம் மொத்தமா போடறோம். விழாவுல நீங்க பத்து நிமிஷம் பேசணும். புதுசா படிக்கறவங்க அவங்களை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு உங்களை விட்டா யார் சொல்ல முடியும்?” என்றார். “அதுக்கென்ன, பேசிட்டாப் போச்சு” என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். “முதல் புஸ்தகத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், இதுல என்ன சந்தேகம்?” என்றீர்கள். உங்கள் வாக்கை நம்பி, அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, சோபாவில் சாய்ந்துகொண்டு முதல் நாவலைத் திறந்தேன். ஒரு விண்கலம் கிளம்பத் தயாராகிறது, அண்ணா. ஒவ்வொரு குழாயாகச் சரிபார்க்கிறார்கள், ஒவ்வொரு திருகாக முறுக்குகிறார்கள். கலம் கிளம்புவதற்குள் நான் தூங்கிப்போய், தலை சோபாக் கையில் தொங்கி, கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது. அது இன்றுவரை இடப்பக்கம் திரும்பவில்லை.

மாடி வீட்டு பௌதிக ஆசிரியரிடம் ரகசியமாக விசாரித்தேன். அவர் தலையிலேயே அடித்துக்கொண்டு, “ஐயோ சார், அதுல ஆரம்பிச்சவங்க யாரும் ரெண்டாவதுக்கு வந்ததில்ல! அந்த மூணு பாகக் கதையை எடுங்க” என்றார். எடுத்தேன். இருப்பதில் மெலிந்தது மூன்றாம் பாகம் என்பதால் அதை முதலில் எடுத்தேன். யாரோ ஒருவர் செத்துப்போய் எல்லாரும் அழுகிறார்கள். நானும் மரியாதைக்குச் சற்று வருந்தினேன். அப்புறம் இரண்டாம் பாகத்தைத் திறந்தால் செத்தவர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். விஞ்ஞானம் இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று அசந்துபோனேன். இதையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். கதவைத் தட்டி, “என்னங்க, வயிறு சரியில்லையா?” என்றாள். “ம்ம்” என்றேன். மாலையில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கொடுத்த மருந்தைக் குடித்த பிறகு நிஜமாகவே குளியலறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. அதனால் இரண்டாம் பாகம் சீக்கிரம் முடிந்தது.

கடைசியில் நூலகத்து அம்மாள்தான், “சின்னக் கதையில ஆரம்பிங்க சார், அந்த ஜந்து வர்ற கதைங்க இருக்கே” என்று ஒரு தொகுப்பைக் கையில் வைத்தார். எங்கோ ஒரு கிரகத்தில் ஒரு பெண் விஞ்ஞானி தனியாக ஒரு ஜந்துவை ஆராய்கிறாள். அதற்கு எட்டுக் கால்கள். இருப்பதிலேயே நல்ல இருக்கையில் அதுதான் உட்காரும். கூண்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கும். குறட்டை விடும்போது எழுப்பினால், தூங்கவே இல்லை என்று சாதிக்கும். ‘ஆபத்தற்றது. ஆனால் அறை முழுவதும் நிறைந்திருப்பது’ என்று அவள் குறிப்பு எழுதுகிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது, அண்ணா. இது யார் என்று கேட்கவும் வேண்டுமா? கோபத்தோடுதான் படித்தேன், பக்கம் திரும்பத் திரும்பக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவளை அழைத்துப்போகக் கப்பல் வருகிறது. ஜந்துவை ஏற்றிக்கொள்வாளா, விட்டுவிட்டுப் போவாளா? அங்கேயே தொகுப்பு முடிந்துவிட்டது. அலமாரி முழுக்கத் தேடியும் மிச்சத்தைக் காணோம்.

சாப்பிடும்போது பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். “அந்த ஜந்துவைக் கப்பல்ல ஏத்திக்கிட்டாளா, இல்லையா?”

கரண்டியைக் கீழே வைத்தாள். “எந்த ஜந்து?”

“தெரியாத மாதிரி கேக்காதே. எட்டுக் காலோட ஒண்ணு இருக்கே!”

“நீங்க… படிச்சீங்களா?”

கடையில் முதன்முதலாகக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறவர்கள் வாசலுக்கு வந்து எதிர்மரத்தைப் பார்ப்பார்கள். இலைகள் தனித்தனியாகத் தெரியும்போது அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். அவள் முகம் அப்படி ஆயிற்று.

“படிச்சேன். முடிவு எங்கே?”

“இன்னும் எழுதல. ஏத்திக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன்.”

“பாவம் இல்லையா அது?”

“பாவம்தான். ஆனா எடை ஜாஸ்தி.”

அன்றிலிருந்து நான் அரை வயிறுதான் சாப்பிடுகிறேன். பாத்திரம் நானே கழுவுகிறேன். நல்ல நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டேன். எழுதுகிறவள் மனம் எந்த நேரம் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்?

விழாவில் தயாரித்துவைத்த பேச்சு மறந்துபோயிற்று. “ஜந்துவிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த ஜந்து நான்தான்” என்று சொல்லிவிட்டேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள், நெகிழ்ந்துவிட்டாள், பாவம். என்னிடம் கையெழுத்து வாங்க வரிசையே நின்றது. எல்லாருக்கும் ‘இப்படிக்கு ஜந்து’ என்று போட்டுக் கொடுத்தேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட அனுதாபங்கள்.

என்றும் தங்கள் அன்புள்ள
இளைய சகலை

பின்குறிப்பு: அக்காவுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லிக் கடிதத்தை இவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. “ஐயோ, அது நீங்க இல்லீங்க, எங்க அக்கா வீட்டு அத்தான்தான்! அவங்க வீடு கட்டறப்போ நம்மகூட வந்து தங்கியிருந்தாங்களே, அப்ப எழுதினது. மேடையில நீங்க சொன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல” என்றாள். ஆகவே மேலே எழுதியதில் கழுத்து வலி மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் உங்களைச் சேர்ந்தது. கப்பல் விஷயத்தில் அவள் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதால் எடையைக் கொஞ்சம் கவனியுங்கள். “அப்போ நான் எந்தப் புஸ்தகத்துல இருக்கேன்?” என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எத்தனையோ தடவை எழுத உக்காந்து பாத்துட்டேன். உங்களை எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல” என்றாள்.