ஆதிநாராயணன் பாஸ் பண்ணின வண்டி

சீட் பெல்ட் முழுசாக வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இழுத்தவர் ஆதிநாராயணன். காரணம் இல்லாமல் இழுக்கவில்லை. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து, செண்ட் அடித்து, எல்லை தாண்டி இந்த ஆந்திரப் பக்கம் கொண்டுவந்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ எவனுக்கும் தோன்றாது, சேறு இருந்தால் அங்கேதான் இருக்கும் என்பது அவர் கட்சி. கடைசி முழம் வரை இழுத்துப் பார்த்தார். புதுசு மாதிரி இருந்தது.

"சேறு இல்ல" என்றார் வருத்தத்தோடு.

"இல்லன்னா சந்தோசப்படு சார். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற?" என்றான் வேணு. திருச்சானூர் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் கடை அவனுடையது.

பெல்ட்டை உள்ளே தள்ளுவதற்காக ஆதிநாராயணன் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியை நெம்பினார். மூடி கையோடு வந்தது. பெல்ட் மட்டும் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வடமாலபேட்டைக்காரர். மாம்பழக் கூழ் எடுக்கும் தொழிற்சாலையில் பழத்தின் தரம் பார்க்கிற வேலை. லாரியின் பின்கதவு திறந்ததும் ஒரு முறை மூச்சை இழுப்பார், இடது மூலையில் அடியிலிருந்து மூன்றாவது வரிசையில் அழுகல் என்பார். பிரித்துப் பார்த்தால் இருக்கும். அவர் ஷிப்ட் முடியட்டும் என்று கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு காத்திருந்த லாரிக்காரர்கள் உண்டு. அப்படிப்பட்ட மூக்கும் கண்ணும் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. கும்பிடத்தான் வேண்டும்.

அந்தக் கண்ணைத்தான் இப்போது கார்கள் மேல் திருப்பியிருந்தார். மனைவி காஞ்சனா சந்திரகிரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ் ஏறி திருப்பதி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இப்படியே குலுங்கிக் குலுங்கிப் போனால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கார்தான் வரவில்லை. உகாதிக்கு வாங்கிவிடலாம் என்றார். உகாதி போய், மாம்பழ சீசனும் முடிந்துவிட்டது.

வேணுவும் சளைக்காமல் காட்டிக்கொண்டுதான் இருந்தான். ஒரு காரின் கதவை விரலால் தட்டிப் பார்த்து, இது எங்கேயோ மோதி அடிபட்டது என்றார் ஆதிநாராயணன். விசாரித்தால் உண்மை. இன்னொன்றின் மீட்டர் கொஞ்சம்தான் ஓடியதாகக் காட்டியது, பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து வழுவழு என்றிருந்தது. அதுவும் போயிற்று. மற்ற வியாபாரியாக இருந்தால் இந்நேரம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பான். வேணு மட்டும் அடுத்த வாரமே அடுத்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். காஞ்சனா ஆரம்பத்தில் தினமும் கேட்டாள், அப்புறம் வாரம் ஒரு முறை கேட்டாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்டதைவிட அதுதான் ஆதிநாராயணனுக்குப் பயமாக இருந்தது. இந்த முறை வாங்கியே தீருவது என்று முடிவோடு வந்திருந்தார்.

வேணு போனில் இந்தப் பெல்ட் வண்டியின் சரித்திரத்தைக் காட்டினான். சர்வீஸ் எல்லாம் தேதி தவறாமல் நடந்திருந்தது. புகைப் பரிசோதனை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இன்ஷூரன்ஸில் ஒரு தடவைகூடப் பணம் கேட்டதில்லை. ஒரே சொந்தக்காரர்.

ஆதிநாராயணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எந்தக் கூடையிலும் நாலு அழுகல் இருக்கும். அழுகலே இல்லாத கூடை என்றால் யாரோ மேலே நல்லதாக அடுக்கியிருக்கிறான் என்று அர்த்தம். நேரே சொந்தக்காரரையே கேட்டுவிடுவது என்று போனைப் போட்டார்.

சொந்தக்காரர் பாலையா, கங்காதர நெல்லூர்க்காரர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையில் லாரிக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் ஆதிநாராயணன், போன தீபாவளிக்கு வண்டி எங்கே இருந்தது, யார் ஓட்டினார்கள், கூட யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விசாரித்தார். பாலையா போலீஸ் என்றே நினைத்துவிட்டார். தன் வண்டியை வைத்துக்கொண்டு யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்று பதறி, போனை வைத்துவிட்டு வேணுவைக் கூப்பிட்டார். வண்டி உடனே வீட்டுக்கு வந்தாக வேண்டும், பேர் மாற்றக் கையெழுத்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லை. அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சமாதானம் பேசக் கிளம்பினார்கள்.

வழியெல்லாம் இன்ஜின் சத்தத்தை உற்றுக் கேட்கலாம் என்று ஆதிநாராயணன் நினைத்திருந்தார். அவரே நெம்பிய மூடி கடகடவென்று ஆடி ஒன்றையும் கேட்க விடவில்லை. அதை அடியோடு பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார். இன்ஜின் கொஞ்சமும் தடுமாறாமல் ஓடியது. சித்தூர் தாண்டும்போது அவருக்கு அந்த வண்டி மேல் ஆசையே வந்துவிட்டது.

கையில் தன் காரின் ஒரு பாகத்தோடும், தோளில் மாலை மாதிரி தொங்கிய சீட் பெல்ட்டோடும் வந்து இறங்கிய மனிதரைப் பாலையா ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்தார். பெல்ட்டை ஒரு சுண்டு சுண்டினார், அது சமர்த்தாக உள்ளே போயிற்று. மூடி தன் இடத்தில் உட்கார்ந்தது.

ஆதிநாராயணன் மன்னிப்புக் கேட்டார். கையோடு, விட்டுப்போன கேள்விகளையும் கேட்டார். டயர் எப்போது மாற்றியது, ஏசி வாயுவை யார் நிரப்பியது, மழையில் எங்கே நிறுத்துவீர்கள். பாலையா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். ஒரு பதிலிலும் ஓட்டை இல்லை. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் சரிக்குச் சரி நிற்பதைப் பார்த்து, வேணு காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். கடைசிக் கேள்வி முடிந்ததும் பாலையா எழுந்து காரின் மேல் கையை வைத்தார்.

"இத்தினி கேட்டும் ஒரு தப்புகூட வர்லியே. அப்ப இத நான் எதுக்கு விக்கணும்?"

வேணு தலையில் கையை வைத்துக்கொண்டான். கண் மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் விற்க வந்தார் என்பதை அவருக்கே நினைவுபடுத்தினான். பாலையா காதில் அது ஏறவில்லை.

ஒரே ஒரு குறை சொன்னால் போதும், மனிதர் மனசு விட்டுப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆதிநாராயணனுக்கு அது புரிந்தது. வேணுவும் கண்ணைக் காட்டினான். ஆதிநாராயணன் வாயைத் திறந்தார், மூடினார். காஞ்சனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவது கண்ணுக்குள் வந்தது. மறுபடி திறந்தார். நல்ல சரக்கை அழுகல் என்று சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை. அதுதான் அந்த மனிதர்.

"குத்தம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். "என் சர்வீசுல இப்டி ஒரு சரக்கு பாத்ததில்ல. பாஸ் பண்றேன்."

பாலையா காரின் மேலிருந்து கையை எடுத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியும் ஒரு அதிகாரிகூடத் தன்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்றார். இவ்வளவு பார்க்கத் தெரிந்தவர் கைக்குப் போனால் வண்டி நன்றாக இருக்கும் என்று சொல்லி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் வண்டி எடுக்கிற வழக்கம் ஆதிநாராயணன் வீட்டில் கிடையாது. புதன்கிழமை அஷ்டமி. வியாழன் காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று வேணுவிடம் சொல்லிவிட்டு வந்தார். காஞ்சனாவிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அவளை அசத்துவதாகத் திட்டம். வியாழக்கிழமை அவள் வழக்கம்போல பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும், எலுமிச்சம்பழமும் மாலையும் வாங்கிக்கொண்டு திருச்சானூர் ரோட்டில் போய் இறங்கினார்.

வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. கீழே ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லை. அவ்வளவு நல்ல வண்டி.

வேணு இல்லை. கடையில் ரசீது எழுதுகிற தரணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். வித்துப்போச்சு சார், இப்பதான் ஒரு அம்மா வந்து எடுத்துக்கினு போனாங்க என்று மெதுவாகச் சொன்னாள்.

"பானெட்டத் தொறந்து பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"பெல்ட்டு?"

"சாவிய வாங்கி நேரா ஏறி உக்காந்துட்டாங்க."

ஆதிநாராயணன் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றையும் பார்க்காமல் எடுத்துப்போன ஒருத்திக்கு அப்படி ஒரு வண்டி, உலகத்தையே பார்த்தவருக்கு எலுமிச்சம்பழம். காஞ்சனா முகத்தில் எப்படி விழிப்பது, இன்னும் எத்தனை நாள் அவள் அந்த ஆட்டோவில் குலுங்குவாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பார்க்காமல் வாங்குகிறவர்களுக்கு வண்டியை விற்கிறீர்களே, இது நியாயமா என்று தரணியைக் கேட்டார்.

தரணி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கினு போனது உங்க வீட்டு டீச்சரம்மாதான் சார், போன உகாதிக்கே அட்வான்ஸ் கட்டிட்டு, 'வண்டி பாக்கறதுக்கு இந்த ஜில்லாவுலயே எங்க வீட்டுக்காரர மிஞ்சின ஆளு கிடையாது, அவரு என்னைக்கு எத பாஸ் பண்றாரோ அன்னைக்கே எனக்கு போன் பண்ணுங்க, வாங்கறத நான் பாத்துக்கறேன்'னு அன்னைக்கே சொல்லிட்டாங்க."