டாஸி தின்ற பன்றிக்காது இலை

மதிப்பிற்குரிய ஹெஸ்டர் அத்தைக்கு,

லவோனா பணிவுடன் எழுதுவது. கேப் டவுன் ஆஸ்பத்திரியில் உங்கள் புது முழங்கால் நன்றாக மடங்குகிறது என்று கேட்டு நானும் நம் தெருவும் மகிழ்ந்தோம். இங்கே காற்று வழக்கம்போல அடிக்கிறது, மழை வழக்கம்போல வரவில்லை. டாஸி உயிரோடு இருக்கிறான். இந்த வரியைப் படித்ததும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். தயவுசெய்து காலை நீட்டி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிளம்பும்போது உங்கள் வீட்டையும் டாஸியையும் என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "நாய பாத்துக்க. செடி தன்னத்தானே பாத்துக்கும்." நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள், எதையும் புத்தகத்தில் பார்க்காமல் நம்ப மாட்டேன். உங்கள் ஜன்னலோரத்துச் சதைப்பற்றுச் செடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரணகள்ளி நாயின் இதயத்துக்கு ஆகாது. கள்ளிப்பால் வாயைப் புண்ணாக்கிவிடும். கற்றாழை வயிற்றைக் கலக்கும். ஆடுகளை முதுகு வளைந்து சுருண்டு விழ வைக்கிற பன்றிக்காதுச் செடி நாயையும் விடாது. அன்றைக்கே எல்லாத் தொட்டிகளையும் அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். டாஸி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அதற்காகவும் வருந்துகிறேன்.

பிறகு எனக்குக் காது வலி வந்தது. நம் தெருவில் காது வலிக்கு மருந்துக்கடைக்குப் போனவர் யாருமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலி போட்டு ஏறி, பன்றிக்காது இலை ஒன்றைப் பறித்தேன். புத்தகம் விஷம் என்று சொன்ன செடியும், பிறந்ததிலிருந்து என் காதில் பிழியப்படுகிற இலையும் ஒன்றுதான் என்பது என் தலைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை. அடுப்பில் இருந்த சட்டியிலேயே அதை வாட்டினேன். அது முந்தின நாள் ஆட்டுவால் கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுத்த சட்டி. சாற்றைக் காதில் விட்டுக்கொண்டு, மிச்ச இலையைத் தட்டோடு கட்டிலடியில் வைத்துவிட்டு, நல்ல காதைத் தலையணையில் அழுத்தி ஒருக்களித்துப் படுத்து நாவல் படித்தேன். வெறும் இலையாக இருந்தால் டாஸி முகர்ந்துவிட்டுப் போயிருப்பான். ஆட்டுக்கொழுப்பு மணக்கிற இலையை எந்த நாய் விடும்? அவன் தின்றதும் தட்டை நக்கியதும் என் இரண்டு காதிலும் விழவில்லை.

அத்தியாயம் முடிந்து எழுந்தபோது அவன் கதவருகே எச்சில் ஒழுக நின்றிருந்தான். கால்கள் நடுங்கின. கூப்பிட்டேன், தலையைத் தூக்க முடியவில்லை. அவனை அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஃப்ளிப்பி மாமாவின் வண்டியில் ஏறினேன். ஸ்பிரிங்பாக் ஊரின் கால்நடை மருத்துவரிடம் போகும் வழியெல்லாம் மாமா எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அது மருந்து, பொண்ணே. எங்கம்மா எங்க ஏழு பேர் காதுலயும் ஊத்தியிருக்கா. ஒருத்தனாவது செத்தானா?"

"நீங்க யாரும் அத திங்கலியே மாமா."

"எங்க டேனியல் தின்னிருப்பான். அவன் கதவையே திம்பான்."

கால்நடை மருத்துவர் டாஸியின் நெஞ்சில் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பச்சையாவா தின்னுச்சு?"

"இல்ல டாக்டர். வாட்டினது."

"எதுல?"

"ஆட்டுக்கொழுப்புல."

"உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, விஷத்தை உறிஞ்சுகிற கரி கரைத்த தண்ணீர் எடுக்கப் போனார்.

இதயம் தாளம் தப்பித் தப்பி அடிக்கிறது, இங்கேயே இருக்கட்டும், எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை புத்தகம் படித்த எனக்கு அப்போது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை, அத்தை. வலிக்கிற காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருக்கலாமே என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மறுநாள் உள்ளேயிருந்து வால் ஏதோ தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இரண்டு காதிலும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் செய்ததுதான் உங்களிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. செடிகள் முழுவதையும் தெருவுக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் கணவரை அடக்கம் செய்த அன்று உங்களுக்கு வந்த ரணகள்ளியும் அதில் போய்விட்டது. எதிர்வீட்டு டோர்கஸ் அக்கா அதை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"ஹெஸ்டர் வந்து கேட்டா என்னடி சொல்லுவ?"

"கடிதம் எழுதிடுறேன் அக்கா."

"அதுவும் சரிதான். அங்கேருந்து செருப்பு எட்டாது."

நம் தெருவில் கொடுத்த செடியைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, வந்த செடியை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. இது தெரிந்தேதான் கொடுத்தேன். இப்போது வீட்டில் பச்சையாக ஒரு இலைகூட இல்லை. ஜன்னல்கள் மொட்டையாக நிற்கின்றன, டாஸி அவற்றின் கீழே வெயில் காய்கிறான். நீங்கள் வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். திட்டும்போது அவன் உங்கள் காலடியில் படுத்திருப்பான்.

உங்கள் முழங்காலுக்கு என் வணக்கமும், உங்கள் கைக்கு என் முத்தமும். டாஸி சார்பிலும் அதே.

என்றும் உங்கள் அன்புள்ள,
லவோனா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டோர்கஸ் அக்காவுக்கு உங்கள் மகள் தொலைபேசி செய்து, நீங்கள் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் வீட்டுக்கு யார் வெறுங்கையோடு வருவார்கள்? காலையிலிருந்து ஜாம் டப்பா, பெயிண்ட் டப்பா என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாம் உங்கள் செடியிலிருந்து ஒடித்து நட்டவைதான். போனதைவிட வந்தது அதிகம். அலமாரி நிறைந்து, கட்டில் நிறைந்து, இப்போது தரையில் வைக்கிறார்கள். ஃப்ளிப்பி மாமா பன்றிக்காது கொண்டுவந்து, "காது வலிக்கு வெச்சுக்க பொண்ணே" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டைச் செடிகளுக்கு விட்டுவிட்டு நானும் டாஸியும் சமையலறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துக் கட்டில் அம்மாவும் உங்களுக்கு ஒரு செடித் தொட்டி கொடுத்திருக்கிறாராமே. வாங்கியது வாங்கியாகிவிட்டது, அத்தை. வந்து சேர்ந்ததும் அதை மடியிலிருந்து மட்டும் இறக்காதீர்கள்.