சேணம் இலவசம், குதிரை தனி

நெருப்பு, சக்கரம், குழாய்த் தண்ணீர் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் கண்டடைந்த மாபெரும் பேறு 'ஏழாம் அரியணை' என்னும் இணைய விளையாட்டே என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். நீங்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிழை உங்களுடையது. எங்கள் சாச்சாக் நகரிலும் மிகச் சிலரே கேள்விப்பட்டிருக்கிறார்கள். மேன்மையான விஷயங்களுக்கு எந்த ஊரிலும் அதுதான் கதி.

அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனம் அண்மையில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விளையாடுபவர்கள் தங்கள் 'மனம் திறந்த அனுபவங்களை' எழுதி அனுப்பினால், தங்க நூல் வேலைப்பாடு செய்த சேணம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். குதிரை தனி. அது நிறுவனத்தின் கடையில் இருக்கிறது. என்னிடம் குதிரை இல்லை. ஆனாலும் நான் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் பொது அறிவிப்புகள் எழுதும் பதவியை வகிப்பவன். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்ற சொற்களை என்னைப்போலக் கண்ணியமாகக் கையாண்டவர் இந்த நகரில் எவரும் இல்லை. ஆகவே எழுதுகிறேன். நிறுவனத்தார் கவனத்துடன் படிக்கவும்.

முதற்கண், விளையாட்டின் தலையாய சிறப்பு: இது இலவசம். உள்ளே நுழைந்ததும் நம் வீரன் ஒரு காட்டின் நடுவே வெறுங்காலோடு நிற்பான். நடப்பது இலவசம். ஓடுவதற்குக் காலணி வேண்டும், காலணி கடையில் இருக்கிறது. மழை பெய்யும். மழையும் இலவசம். ஒரு கிழவன் வந்து, "ஓநாய்களைக் கொன்றுவிட்டு வா" என்பான். கொன்றுவிட்டு வந்தால், "இந்தப் பக்கத்து ஓநாய்கள் அல்ல, அந்தப் பக்கத்து ஓநாய்கள்" என்பான். இப்படியே சில ஆண்டுகள் கழிந்தபின் நமக்கு ஒரு தொப்பி தருவான். இதற்கு 'ஆழமான கதையமைப்பு' என்று பெயர். ஆண் வீரர்கள் கழுத்துவரை இரும்புக் கவசத்துக்குள் மூச்சு முட்டி நிற்பார்கள். பெண் வீரர்களுக்கு உடை தைக்கும்போது மட்டும் நிறுவனத்தில் துணி தீர்ந்துபோய்விட்டது போலும்.

இந்த உலகின் மாமன்னர்களில் ஒருவன் என் கூம் ராதோயே. அவன் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன் நான், அதனால் அவன் எனக்குக் கூம், நான் அவனுக்குக் கூம். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொள்ளலாம், கூமோடு முடியாது. எங்கள் அலுவலகத்தின் புகார்ச் சன்னலில் உட்கார்ந்திருப்பவனும் அவனே. தண்ணீர் வரவில்லை என்று வருபவர்களிடம் "மேலிடத்துக்கு எழுதியிருக்கு" என்று சொல்வது அவன் தொழில். அந்த மேலிடம் நான்தான். அவன் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் ஏழாம் அரியணையில் அவன் 'இரும்புநெஞ்சப் பேரரசர்', வெண்கழுகுப் படையின் தலைவர். ஏழு வருடமாக மாலையில் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், முந்நூறு பேருக்கு ஆணையிடுகிறவன்.

இந்த வசந்தத்தில் அவன் அப்பா இறந்தார். வீட்டின் ஸ்லாவா அவன் பொறுப்புக்கு வந்தது.

நிறுவனத்தாரின் தகவலுக்காக: எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவார். அவருடைய நாள்தான் ஸ்லாவா. அன்று யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் வருவார்கள், வந்தவர்கள் சாப்பிடுவார்கள். வீட்டுத் தலைவன் மெழுகுவத்தி ஏற்றி, கடைசி விருந்தாளி போகும்வரை உட்காராமல் நின்று பரிமாறுவான். அவன் உட்கார்ந்தால் அந்த வீட்டுக்குத் தலைவன் இல்லை என்று பொருள். ராதோயே வீட்டுப் புனிதர் நிக்கோலா, அவர் நாள் டிசம்பர் பத்தொன்பது. அன்று நாட்டில் பாதிப் பேர் விருந்து வைப்பார்கள், மீதிப் பேர் அங்கே போய்ச் சாப்பிடுவார்கள். மூன்றாம் வகை மனிதர் கிடையாது.

மூன்றாம் வகை மனிதரைப் படைத்த பெருமை உங்கள் நிறுவனத்தையே சேரும். 'மாபெரும் குளிர்கால முற்றுகை'யை அதே நாளில் அறிவித்தீர்கள். காலையிலிருந்து அந்தி சாயும்வரை ஏழாம் அரியணையை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பவரே பேரரசர். ஆள் தூங்கவில்லை என்பதற்குச் சான்றாக, மணி ஒலிக்கும்போதெல்லாம், அது மூன்றாம் முறை அடிப்பதற்குள், ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் பேரரசர் எழுந்துவிடுவார், அரியணை போய்விடும்.

முந்தின நாள் நான் போனபோது, ராதோயேவின் மனைவி தெசாங்கா சந்தையிலிருந்து உயிருள்ள கெண்டை மீன்களைச் சுமந்துகொண்டு வந்து குளியல் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள். நோன்புக்காலம், இறைச்சி கிடையாது, எல்லாம் மீன்தான்.

"ஒரு நாள், ராதோயே. வருஷத்துல ஒரே ஒரு நாள் நீ நிக்கணும். மத்த நாளெல்லாம் உக்காந்துதானே கெடக்கே, நான் ஏதாவது கேட்டேனா?"

"தெசாங்கா, இது முற்றுகை! முந்நூறு பேர் என்னை நம்பி இருக்காங்க."

"அவங்கள்ல யாராவது ஒருத்தன் வந்து இந்த மீனுக்குச் செதில் எடுப்பானா?"

"அவங்க போர்வீரங்க."

"சரி. நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு நீ உக்காந்தேன்னா புனிதர் படத்தை எறக்கி க்ருஷேவாட்ஸ்ல இருக்கற உன் அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவ நிப்பா. அப்புறம் இந்த வீட்டுக்குப் புனிதரும் கெடையாது, உங்கப்பா விட்டுட்டுப் போன ஸ்லாவாவும் கெடையாது. நீ உன் ஓநாயை மாட்டி வெச்சுக் கும்பிடு."

ராதோயே வெளுத்துப்போனான். அவன் அப்பாவை உண்மையிலேயே நேசித்தவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரியணையையும் நேசித்தான். உடனடியாக வெண்கழுகுப் படையின் 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூட்டப்பட்டது. அதாவது, அவன் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டான். வியன்னாவில் லாரி ஓட்டும் தளபதி மிலோயே, எனக்கும் கேட்கும் அளவுக்கு உரக்கப் பேசினான்.

"தலைவரே, வீட்டுக்காரன் உக்காரக் கூடாது. சரி. பேரரசர் எந்திரிக்கக் கூடாது. அதுவும் சரி. கம்ப்யூட்டர் மேஜை மேலதான் இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"அப்படின்னா?"

"அலமாரி மேல ஏத்துங்க. நீங்க நில்லுங்க, திரையில பேரரசர் உக்காரட்டும்."

ராதோயே எழுந்து நின்று தலை வணங்கினான். மேதைமையின் முன் மனிதர்கள் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. "நாளைக்கு உயிரைக் குடுத்தாவது உங்க பக்கத்துல நிப்பேன் தலைவரே" என்று மிலோயே தழுதழுத்தான்.

மறுநாள் காலை அலமாரியின் மேல், புனிதர் படத்துக்கு நேர் கீழே, ஸ்லாவா மெழுகுவத்திக்குப் பக்கத்தில், கணினி அமர்ந்திருந்தது. திரையில் வெண்தாடியும் பொற்கிரீடமுமாகப் பேரரசர் அரியணையில் வீற்றிருந்தார். முதலில் வந்த எதிர்வீட்டு அம்மா, புனிதர் படத்தை நோக்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, பேரரசரை நோக்கியும் ஒருமுறை போட்டுக்கொண்டாள்.

விருந்தாளிகள் வந்தபடி இருந்தார்கள். ஒயின் புட்டிகளும் காப்பிப் பொட்டலங்களும் வாசல் மேஜையில் குவிந்தன. தெசாங்கா ஒவ்வொருவருக்கும் இனிப்புக் கோதுமை நீட்டினாள், கோட்டு வாங்கி மாட்டினாள், மீன் பொரித்தாள், ரக்கியாச் சாராயம் ஊற்றினாள். ராதோயேவும் நின்றான். அலமாரியைப் பார்த்து, எங்கள் அனைவருக்கும் முதுகைக் காட்டி, கம்பீரமாக நின்றான். அவள் கடந்துபோகும் போதெல்லாம், "பாத்தியா, நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றான்.

கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து அவன் பெரியப்பா ஒப்ராத் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். கண்ணாடி இல்லாமலே, பக்கத்தில் இருந்த குழந்தையின் தட்டிலிருந்து முடி போன்ற முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தவர். காலிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"ராதோயே, இதுல ஒண்ணுமில்லப்பா."

"ஒரு நிமிஷம் பெரியப்பா, மணி அடிக்கப் போவுது."

"எந்தக் கோயில்ல?"

"கோயில்ல இல்ல பெரியப்பா, கோட்டையில."

பெரியவர் எழுந்துபோய்த் திரையை உற்றுப் பார்த்தார். "யாருடா இந்தாளு? நான் வந்ததுலேர்ந்து உக்காந்தே இருக்கான். சாப்பிடச் சொல்லலியா?"

"அது நான்தான் பெரியப்பா."

அவர் திரையையும் பார்த்தார், அவன் முதுகையும் பார்த்தார். "அவனாவது வந்தவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொண்டார்.

மதியம் பாதிரியார் வந்தார். அன்று அவருக்கு ஊர் முழுவதும் வீடுகள் காத்திருந்தன. சாம்பிராணிப் புகை காட்டினார். புகை பேரரசருக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்து ரொட்டி. பாதிரியார் ஒரு பக்கமும் வீட்டுத் தலைவன் மறுபக்கமுமாக இரண்டு கையாலும் ஸ்லாவா ரொட்டியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றி, ஒயின் ஊற்றி, பிட்டு, முத்தமிட வேண்டும். இறந்துபோன தகப்பன் போன வருடம் கடைசியாகச் செய்த அதே சடங்கு. ராதோயே திரும்பினான். கைகளை நீட்டினான். அப்போது மணி அடித்தது.

"சாமி, ஒரே நொடி!"

"எனக்கு இன்னும் நெறைய வீடு இருக்குப்பா."

ராதோயே என்னைப் பார்த்தான். கண்ணில் கெஞ்சல். "கூமே, அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அழுத்திடேன்!"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கு" என்றேன்.

மணி இரண்டாம் முறை அடித்தது. மூன்றாவதோடு அரியணை போய்விடும். அறையில் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ரொட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிப் பொத்தானை அழுத்தினான். நான் என் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டேன். அவன் அப்பாவின் மேஜையில் எத்தனையோ வருடம் சாப்பிட்டவன் நான்.

"வீட்டுத் தலைவர் யாரு?" என்று கேட்டார் பாதிரியார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த தெசாங்கா, மாவு ஒட்டியிருந்த கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்து, ரொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். "நான்தான், சாமி. சுத்துங்க" என்றாள். ராதோயே திரும்பியபோது ஒயின் ஊற்றியாகிவிட்டது.

அந்தி சாய்ந்தது. கணினியில் எக்காளம் முழங்கியது. "ஜெயிச்சுட்டேன்!" என்று ராதோயே இரண்டு கையையும் தூக்கினான். நிறுவனத்தின் வாழ்த்துச் செய்தி திரையில் மிதந்து வந்தது. பேரரசருக்கு வணக்கம். அரியணை ஒரு வாரத்துக்கு உங்களுடையது. அதற்கு மேல் வேண்டுமானால் கடைக்கு வரவும். அதன் கீழே முற்றுகை அறிக்கை இருந்தது. கூம் என்ற முறையில் நானே அதை உரக்கப் படித்தேன். தாக்க வந்தோர்: எவருமில்லை. காக்க வந்தோர்: எவருமில்லை.

எப்படி வருவார்கள்? எதிரியான கருங்கரடிப் படை நீஷ் நகரத்துப் பையன்கள். பாதிப் பேர் வீட்டில் விருந்து, மீதிப் பேர் அந்த வீடுகளில் விருந்தாளி. உயிரைக் கொடுக்க வேண்டிய மிலோயே வியன்னாவில் மச்சான் வீட்டில் மீன் தின்றுகொண்டிருந்தான். படம்கூட அனுப்பியிருந்தான். உலகத்தில் அன்று மூன்றாம் வகை மனிதன் ஒருவனே இருந்தான். அவனும் காலையிலிருந்து ஒரு வெற்று மண்டபத்தை யாரிடமிருந்தும் காக்காமல் காத்தான்.

விருந்தாளிகள் கிளம்பினார்கள். வழக்கப்படி ஒவ்வொருவரும் வீட்டுத் தலைவரின் கையைக் குலுக்கி, கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டு, "அடுத்த வருஷமும் நல்லபடியா நடக்கட்டும்" என்றார்கள். எல்லோரும் தெசாங்காவிடம் சொன்னார்கள். ராதோயே அலமாரி ஓரமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனைத் தாண்டிப் போனார்கள். தெசாங்கா மெழுகுவத்தியை ஒயின் துளிகளால் அணைத்தாள்.

ஒப்ராத் பெரியப்பா கோட்டை மாட்டிக்கொண்டு அவன் தோளைத் தொட்டார்.

"வாப்பா, நாமளும் கெளம்பலாம். வீட்டுக்காரங்க காலைலேர்ந்து நிக்கறாங்க, கொஞ்சம் உக்காரட்டும். நீ எந்தப் பக்கம் போகணும்?"

"பெரியப்பா, நான் ராதோயே!"

"ரொம்ப சந்தோஷம். நான் ஒப்ராத்."

ராதோயே சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"தெசாங்கா, படத்தை அக்காவுக்கு அனுப்பப் போறியா?"

"எதுக்கு? இங்க நிக்கறதுக்கு ஆள் இருக்கு" என்றாள். விருந்தாளிகளுக்குக் கட்டித்தரும் பலகாரப் பொட்டலம் ஒன்றை அவன் கையில் வைத்தாள். "வந்ததுக்கு நன்றி."

நிறுவனத்தாரே, இதுதான் என் மனம் திறந்த அனுபவம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குகிறேன். ஒரு மனிதனை அவன் சொந்த வீட்டில் விருந்தாளி ஆக்குவதற்கு முன்பெல்லாம் போர் வர வேண்டும், அல்லது கோர்ட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் அதை வீட்டுக்கே வந்து, இலவசமாகச் செய்து தருகிறீர்கள்.

சேணத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். ராதோயேவின் பெயருக்கு அனுப்பவும். குதிரை தேவையில்லை. அவன் முதுகின் அளவும் கேட்க வேண்டாம், ஏழு வருடமாக அதன்மேல்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.