கழுதயோட போய்ப் பொண்ணு கேட்ட கத

ஏழு கழுதயா? ஆருடி சொன்ன உனக்கு? என்ட மருமகள்தானே? பொய் கதீஜா, பொய். மூணே மூணு. இரி, நானே சொல்றன். இந்த வயசுல எனக்கென்ன வெக்கம்?

சண்ட முடிஞ்சி ரோட்டெல்லாம் தொறந்த நேரம். சண்டையில வெரட்டுப்பட்டு வந்து இங்க தில்லையடியில இருந்த மன்னார்ச் சனம் கொஞ்சப் பேர் ஊருக்குத் திரும்பிப் போகத் தொடங்கினாங்க. அதுல ஒரு வீட்டுப் புள்ளயிலதான் என்ட மகன் நவ்பருக்குக் கண்ணு. ரிஸ்மியாண்டு பேரு.

"உம்மா, அடுத்த கிழம அவங்க சாமான் கட்டுறாங்க. கேக்கிறண்டா இப்பவே கேளுங்க. இல்லாட்டி நானும் மன்னாருக்குத்தான்" எண்டான். ரெண்டு நாளா சோறு திங்காமப் படுத்துக் கெடந்தான். (களவாப் பாண் தின்டது எனக்குத் தெரியும்.)

சரியெண்டு நானும் என்ட மதினியும், எங்கட அவர்ட தங்கச்சி, வெளிக்கிட்டம். "மதினி, கேக் ஒண்டு வாங்குவமே" எண்டாள் அவள். எனக்குப் பெரும விடுதா? "கேக்கு எங்கேயும் கெடக்கு. எங்கட பாத்தி உப்பு எங்க கெடக்கு? இந்தப் புத்தளமே உப்புலதானே நிக்கிது! நாங்க ஆருண்டு அவங்களுக்கு வெளங்க வேணும்" எண்டன்.

அவர் பாலாவிப் பக்கம் உப்புப் பாத்தி செஞ்சவர். புது உப்பு, கல்லு கல்லா, வைரம் மாதிரி. சீமெந்துப் பேக்கக் கழுவித் தச்ச பை ஒண்டு இருந்திச்சி. அதுல நாலு கொத்து அள்ளிப் போட்டன். அடியில எலி கடிச்ச ஓட்ட இருந்திருக்கு. எனக்கெங்க தெரியும்?

பஸ்ஸால எறங்கி ஒழுங்கைக்குள்ள நடக்கிறம். பின்னால டக்கு டக்குண்டு சத்தம். திரும்பினா ஒரு கழுத. இந்த ஊர்ல கழுதய ஆரு திரும்பிப் பாக்கிற? எங்கட வாப்பாட வாப்பா காலத்துல உப்பும் கொப்பராவும் சுமந்தது இதுகள்தானாம். பொறகு லொறி வந்திச்சி, இதுகளுக்கு வேல போச்சி. இப்ப பென்சன் எடுத்த பெரிய மனுசர் மாதிரி நடு ரோட்டுல நிண்டு, போற வார வாகனத்த மொறைக்கிதுகள். எங்க விட்டன்? ஓம், ஒழுங்கையில.

கொஞ்சம் போனா ரெண்டு. பள்ளியடியில மூணு.

"மதினி, இதுகள் எங்களுக்குப் பின்னாலதான் வருது."

"அதுகள்ட வழி அதுதானாக்கும், நட."

"நாங்க நிண்டா நிக்கிதே!"

ரிஸ்மியாட உம்மா வாசல்ல நிண்டா. நல்ல உசரம். சிரிப்பு என்ன வெலண்டு கேக்கிற மூஞ்சி. ஸலாம் சொன்னன். பதில் சொல்லிட்டு எனக்குப் பின்னால பாத்தா.

"மாப்பிள்ள வீட்டாக்கள் இவ்வளவு பேர் வருவீங்கண்டு சொல்லல்லயே" எண்டா. சிரிக்கல்ல!

உள்ள போய்க் கதிரையில இருந்து பைய மடியில வெச்சன். கதவு சாத்த ஆரும் நெனைக்கல்ல. மேசையில வட்டிலப்பம். பெரிய கழுத உள்ள வந்து முதல்ல அதுலதான் வாய் வெச்சிச்சி. ரெண்டாவது மதினிட அபாயாவச் சப்பிச்சி. மூணாவது என்ட மடிக்கே வந்திச்சி. "யா அல்லாஹ்!" எண்டு கதிரைக்கு மேல ஏறினன். (பிளாஸ்டிக் கதிர. நான் அப்பவே இந்தச் சைஸ்தான்.) நாலு காலும் நாலு தெசைக்குப் போச்சி. நான் கீழ, பாதி உப்பு எனக்கு மேல, கழுத என்ட மூஞ்சிய நக்குது! பொண்ணு கேக்கப் போனவ, கழுத நாக்கு எவ்வளவு சொரசொரப்புண்டு ஆராய்ச்சி பண்ணிட்டுக் கெடக்கன். மனசுக்குள்ள ஒண்டுதான்: மகன் போய்ட்டான் மன்னாருக்கு.

அந்த நேரம் திரைச்சீல வெலகிச்சி. தேத்தண்ணித் தட்டோட வர வேண்டிய புள்ள வெளக்குமாறோட வாறாள்! பாத்த ஒடன அவளுக்கு வெளங்கிட்டு, இதுகள் உப்பு நக்க வந்ததுண்டு.

"மாமி, பைய விடுங்க!"

பைய என்ட கையால பறிச்சி, உப்பு கொட்டக் கொட்ட ஒழுங்கையால ஓடினாள். மூணு கழுதயும் பள்ளிக்கூடப் புள்ளைகள் மாதிரி வரிசையா அவளுக்குப் பின்னால.

நான் அபாயாவத் தட்டிட்டு எழும்பினன். உம்மாக்காரி வட்டிலப்பத்தப் பாத்தா, என்னப் பாத்தா.

"என்ட மகள் உங்கள என்னண்டு கூப்பிட்டாள்?"

"மாமிண்டு."

"சாச்சிண்டு கூப்பிட்டிருக்கலாம். ராத்தாண்டு கூப்பிட்டிருக்கலாம்."

நான் குனிஞ்சி கதிரைக் காலப் பொறுக்கத் தொடங்கினன்.

"அப்ப இது ரெண்டு பேரும் முன்னமே பேசி முடிச்ச கத. சரி, இவள்ற பெட்டிய மட்டும் லொறியில ஏத்தாம விடுறன்."

அப்பதான் சிரிச்சா. சிரிச்சி சிரிச்சிக் கண்ணால தண்ணி வந்திச்சி. "ஊர விட்டு வந்த பொறகு எங்கட வீட்டுக்குள்ள கழுத வந்தது இண்டைக்குத்தான்" எண்டா. மன்னார்லயும் கழுததானே கதீஜா, தெருவுக்குத் தெரு.

அவங்க போய்ட்டாங்க. ரிஸ்மியா இங்க, என்ட கறியில உப்புக் கூடண்டு சொல்லிட்டு இருக்கிறாள். அண்டையிலருந்து எங்கட கேட்டடியில ஒரு கழுத வந்து நிண்டாப் போதும், பேரப் புள்ளைகள் கத்துங்க: "வாப்பும்மா, மாப்பிள்ள வீட்டாக்கள் வந்துட்டாங்க!" உடன இவள் குசினியிலருந்து கேப்பாள்: "மாமி, பிளாஸ்டிக் கதிர போடவா?"

இரி, அது என்ன சத்தம்? முத்தத்துலயா? அல்லாஹ்வே, ஊறுகாய்க்கு உப்புப் போட்ட தேசிக்காயக் காய வெச்சிருக்கன்! ரிஸ்மியா! அடியே ரிஸ்மியா! வெளக்குமாற எடுத்துட்டு ஓடி வா, எங்கட ஆக்கள் வந்துட்டாங்க!