பன்னிரண்டு அடுக்கு லட்டுக் கோபுரம்

கணக்கு நன்றாக வருபவர்களிடம் எதையும் எண்ணச் சொல்லக் கூடாது. எண்ண மாட்டார்கள், சூத்திரம் போடுவார்கள். நான் அப்போது எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, பாளையம்பட்டியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். (அந்தத் திமிர் நடையிலேயே தெரியும் என்பார் அம்மா.)

பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவின் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் சீரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பிறந்த வீட்டைப் பற்றி மாமியார் வீட்டில் குத்தலாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"ஏலே, நம்ம வீட்டைப் பத்தி இவுக இனிமே வாயே தெறக்கக் கூடாது" என்று அக்கா போனில் சொன்னாள். பன்னிரண்டு அடுக்கில் லட்டுக் கோபுரம் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளும் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உச்சியில் ஒன்று, அடியில் பன்னிரண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான கூடுதல். பன்னிரண்டைப் பதின்மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தேன், எழுபத்தெட்டு. எதற்கும் நூறாகவே வாங்கிவிடேன் என்றார் அம்மா. சூத்திரத்துக்கு மேல் ஒரு லட்டுகூட வாங்குவதில்லை என்று மறுத்துவிட்டேன்.

காதுகுத்தன்று காலையில் மண்டபத்தில் பெரிய தாம்பாளத்தை வைத்து அடுக்க உட்கார்ந்தேன். அடித்தட்டைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சதுரமாகப் பரப்பிக்கொண்டே வந்தேன். ஆறரை வரிசையில் டப்பா காலி. அப்போதுதான் உறைத்தது. அடியில் வேண்டியது பன்னிரண்டு அல்ல, பன்னிரண்டின் வர்க்கம். போட்டிருக்க வேண்டியது வர்க்கங்களின் கூடுதலுக்கான சூத்திரம், விடை அறுநூற்றைம்பது. (இந்த இரண்டு சூத்திரத்தையும் குழப்பியதற்காக முந்தின வாரம்தான் ஒரு பையனை முட்டி போட வைத்திருந்தேன்.)

வெளியே மேளம் கேட்டுவிட்டது. இனி கடைக்கு ஓட நேரமில்லை. என் எழுபத்தெட்டுக்குப் பொருந்திய உருவம் ஒன்றுதான்: தட்டை முக்கோணம். தாம்பாளத்தைச் சுவரோரம் தள்ளி, சமையல்கட்டில் வாங்கிய சர்க்கரைப் பாகைத் தடவித் தடவி, ஒற்றைச் சுவராக ஒட்டிச் சாய்த்து வைத்தேன். எதிரே நின்று பார்த்தால் சாட்சாத் பன்னிரண்டு அடுக்குக் கோபுரம். போட்டோக்காரர் விதவிதமாக எடுத்தார். அக்காவின் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் மட்டும் யாரும் பக்கவாட்டில் போய் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மடியில் இருந்த மருமகன், காது குத்தியதும் வீறிட்டான். அவன் வாயில் இனிப்பு வைக்க அக்காவின் மூத்த நாத்தனார் எழுந்தார். நல்ல மனுஷி. அதுதான் வினையாகிப் போனது.

"முன்னால எடுத்தா அழகு கெட்டுப்போகும். பின்னால ஒண்ணு எடுத்துக்கிடுறேன்" என்றபடி கோபுரத்துக்குப் பின்னால் கையை விட்டார். கை சுவரில் இடித்தது. கொஞ்சம் துழாவினார். பிறகு குனிந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குப் பின்பக்கம் எங்க?"

"வர்க்கங்களின் கூடுதல்..." என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அதற்குள் மண்டபமே எழுந்து வந்து சுவருக்கும் லட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்துவிட்டது. அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். மாமியாரும் சேர்ந்துகொண்டார், அந்த இருவரும் ஒன்றாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் எதைக் கொண்டுபோனாலும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். என் கல்யாணத்தில் மேடையேறிய அதே நாத்தனார், மாலையும் கழுத்துமாக நின்ற என் மனைவியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அக்காவைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பயப்படாத, இந்தத் தடவ உன் தம்பி முழுசாத்தான் கொண்டாந்திருக்காரு."