விழுப்புரத்திலிருந்து முக்திநாத்துக்கு ஒரு பிழையற்ற பயணம்

உலகில் இதுவரை நடந்த நெடும்பயணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. அவை நடந்துவிட்டன. நடந்துவிட்ட பயணத்தில் ஏதாவது ஒரு பிழை இருந்தே தீரும். டயர் வெடித்திருக்கும், வழி தவறியிருக்கும், சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள். பிழையே இல்லாத நெடும்பயணம் ஒன்றை இந்த நாட்டில் காட்ட முடியுமானால், அது விழுப்புரம் கிழக்குப் பாண்டி சாலையில், சீனுவாசன் அவர்களின் வீட்டு முன்னறையில், சோபாவின் இடது மூலையில்தான் பல ஆண்டுகளாக நடைபெற்றுவந்தது.

சீனுவாசன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வதிலும், தெரிந்துகொண்டதை எதிரில் அகப்பட்டவருக்குப் பொறுமையாக விளக்குவதிலும் அவருக்கு ஈடு கிடையாது. பணிநிறைவு விழா மேடையில், கழுத்தில் மாலையோடு, அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டு, மனைவி அம்சவள்ளியை நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்துக்கு அழைத்துப் போகப்போவதாகச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கார் வாங்கப்பட்டது. பனிமலையைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அம்சவள்ளிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அவர் அந்த வாரமே ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவிட்டார். அதன் பிறகு திட்டமிடல் தொடங்கியது.

திட்டமிடல் என்றால் உங்களையும் என்னையும் போல நாலு பேரிடம் விசாரிப்பதல்ல. தினமும் மாலையில் சீனுவாசன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, சாலையோரப் படங்களின் வழியே ஆள்காட்டி விரலால் வண்டி ஓட்டினார். ஓங்கோலுக்கு அப்பால் எந்த வளைவில் புளியமரம் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். நாக்பூர் புறவழிச்சாலையில் விரலை ஓரமாக நிறுத்திவிட்டு, "டீ" என்று குரல் கொடுப்பார். அம்சவள்ளி கொண்டுவந்து வைப்பார்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஜபல்பூர் தாண்டிக்கினு இருக்கேன். ரோடு சூப்பரா இருக்குது."

எல்லை தாண்டுவதில் அவர் முனைவர் பட்டமே வாங்கலாம். நம் ஊர் கார் நேபாளத்துக்குள் நுழைய எல்லையில் சுங்கச் சீட்டு எடுக்க வேண்டும். எத்தனை நாள் தங்குகிறோமோ அத்தனை நாளுக்குக் கட்டணம். கடவுச்சீட்டு வேண்டியதில்லை, வாக்காளர் அட்டை போதும். எல்லை தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். இதை அவர் பால்காரருக்கு விளக்கினார். எரிவாயு உருளை கொண்டுவந்தவருக்கு, உருளை அவர் தோளில் இருக்கும்போதே விளக்கினார். கடைசி நேரப் பதற்றம் கூடாது என்று முன்னறைக் கடிகாரத்தை முன்கூட்டியே நேபாள நேரத்துக்கு மாற்றிவைத்தார். அன்றுமுதல் அந்தக் குடும்பம் எல்லாக் கல்யாணங்களுக்கும் கால் மணி நேரம் முன்னதாகப் போய், பந்தியில் இலை போடக் காத்திருந்தது.

இந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இடையூறு வந்தது. அம்சவள்ளி பெருமுக்கல் குன்றின் மேல் இருக்கும் கோயிலுக்குப் போனவர், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "தையில ஆப்பரேஷன் வெச்சிக்கலாம்மா. மலை ஏறணும்னு ஆசை இருந்தா அதுக்குள்ள ஏறிடுங்க. அப்புறம் எப்படின்னு என்னால சொல்ல முடியாது."

உடனே பயணத் திட்டக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் சீனுவாசன். உறுப்பினர்கள் இருவர்: அம்சவள்ளி, திண்டிவனத்திலிருந்து வந்திருந்த சீனுவாசனின் தங்கை இளவரசி.

"ஏங்க, கார்த்திகை வந்தா பனி வுழுந்து பாதைய மூடிடும்னு நீங்கதானே சொன்னீங்க? எப்பதாங்க கெளம்புறது?"

"நல்ல கேள்வி," என்றார் தலைவர். அவர் நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் முடிவதற்குள் சோறு ஆறிவிடும்.

"அண்ணே," என்று குறுக்கிட்டார் இளவரசி. "காரு ஓடுமா, ஓடாதா? அத்த மட்டும் சொல்லு."

"ஓடும். ஆனா ஓடறதுக்கு முன்னால டயர் காத்துன்னு ஒரு விஷயம் இருக்குது பாரு. கீழ ஊர்ல அடிச்ச காத்து, ஒசரம் போவப் போவ இன்னா ஆவும்னா..."

"ஒசரத்துக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்ணே. மொதல்ல நீ விக்கிரவாண்டிய தாண்டு."

தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். கார் வாங்கிய புதிதில் ஒருமுறை விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரைக்கும் சீனுவாசன் போனார். பின்னால் வந்த லாரி ஒன்று ஒலி எழுப்பியது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கைகள் இரண்டும் வியர்த்து வழுக்கின. சாவடிக்கு முன்பே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். பயணக் கோப்பில் இது 'முதற்கட்டச் சோதனை ஓட்டம் – வெற்றி' என்று பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, உள்ளே ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெருவுக்கு விளக்குவதோடு சரி.

அந்த வாரம் பஞ்சாங்கப்படி அருமையான நாள் ஒன்று வந்தது. ஆனால் காரின் இடது கண்ணாடி நிற்கும் கோணம் தலைவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. இப்படிப்பட்ட இக்கட்டுக்கென்றே நம் பெரியவர்கள் ஒரு வசதி செய்துவைத்திருக்கிறார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், ஆளுக்குப் பதிலாக அவருடைய மூட்டையைப் போகவேண்டிய திசையில் இன்னொருவர் இடத்தில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிடலாம். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகப் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு தொடரலாம். அரசாங்கங்கள் அடிக்கல் நாட்டுவதும் இதே கொள்கையில்தான்.

ஒரு பையில் கம்பளிச் சட்டைகள், காதுக் குல்லாய்கள், வாக்காளர் அட்டைகள், மூட்டுவலித் தைலம், வறுத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை எல்லாம் அடுக்கப்பட்டன. வடக்கே முதல் சொந்தம் திண்டிவனத்தில் இருக்கும் இளவரசி வீடு. பையை யார் கொண்டுபோவது? பயணியே கொண்டுபோனால் அது பயணம் ஆகிவிடும், பரஸ்தானம் ஆகாது என்று சீனுவாசன் விதியை விளக்கினார். ஆகவே அம்சவள்ளி பேருந்தில் நின்றுகொண்டே போய் வைத்துவிட்டு, நின்றுகொண்டே திரும்பி வந்தார்.

"எப்ப சார் கெளம்புறீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சீனுவாசன் அன்றுமுதல், "கெளம்பியாச்சே!" என்று பதில் சொன்னார். அதில் பொய் இல்லை. பை திண்டிவனத்தில் இருந்தது. விரல் ஜபல்பூரில் இருந்தது. கடிகாரம் நேபாளத்தில் இருந்தது. உடம்பு ஒன்றுதான் விழுப்புரத்தில் இருந்தது. நாலில் மூன்று கிளம்பியாயிற்று என்பது எந்த அலுவலகத்திலும் நல்ல முன்னேற்றம்தான்.

வாரம் முடிந்ததும் இளவரசியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, பை இங்கயே கெடக்குது. இன்னா பண்றது?"

சீனுவாசன் பதறிப்போனார். பரஸ்தானம் ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். பிறகு காலாவதி. பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் பயணமே ரத்து, அபசகுனம் வேறு. ஆகவே அதை இன்னும் வடக்கே நகர்த்திப் புதுப்பிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அம்சவள்ளி இட்லி மாவு அரைத்து வைத்துவிட்டுப் போனார். நாத்தனாரும் அவரும் பையை அச்சிறுபாக்கத்தில் அம்மணி சித்தி வீட்டில் வைத்தார்கள். அடுத்த வாரம் கோரக்பூரில் மழை என்று வானிலை சொன்னதால், பை தாம்பரத்துக்கு, சித்தி மகன் தேவாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் சீனுவாசன் கோப்பில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிர்வாகம் தடையின்றி நடந்தது.

அதற்கும் அடுத்த வாரம் அம்சவள்ளி ஒரு சந்தேகம் கேட்டார்.

"தாம்பரத்துக்கு வடக்க நமக்கு யாருமே இல்லீங்களே. பைய எங்க வெக்கிறது?"

"நல்ல கேள்வி! சொந்தக்காரங்க வீடாத்தான் இருக்கணும்னு விதி இல்ல. பிறர் எடமா இருந்தா போதும். சத்திரம், லாட்ஜு, எதுன்னாலும் சரி."

"ரயில்ல எடுத்துக்கினு போவலாமா?"

"தாராளமா. காரு எனக்குத்தான். பை எதுல வேணா போவலாம்."

"எவ்ளோ தூரம் போவலாம்?"

"தூரத்துக்கு விதியே கெடையாது. வடக்க எவ்ளோ தள்ளி வெக்கிறோமோ அவ்ளோ பலன்."

"பை தனியா போவாதுங்களே?"

"நீயும் இளவரசியும் தொணைக்குப் போங்க. இதெல்லாம் எங்கிட்ட கேக்கணுமா?"

"கேக்கணும்ங்க," என்றார் அம்சவள்ளி. "நீங்கதானே தலைவரு."

இந்த முறை மாவு இரண்டு பெரிய பாத்திரங்களில் இருந்தது.

நாக்பூரிலிருந்து போன் வந்தது. "ஏங்க, நாக்பூரு வந்துட்டோம். இங்க வெக்கலாமா?"

"வெக்காத! நாக்பூரு நம்ம திட்டத்துல டீ குடிக்கிற எடம்தான். நேரா கோரக்பூருக்குப் போங்க."

கோரக்பூரிலிருந்து இளவரசி பேசினார். "அண்ணே, இங்க லாட்ஜெல்லாம் ஒரே நெரிசலு, பேஜாரா கீது. எல்லையில நல்ல எடம் இருக்குதாம், பஸ்ஸுல போயிடலாமாம். போட்டுமா?"

சீனுவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னுடைய திட்டம் ஊர் ஊராக, எழுத்துக்கு எழுத்து, மெய்யாகிக்கொண்டு வருகிறது. "ஜல்தியா போங்க," என்று ஆணையிட்டார். "எல்லையத் தாண்டி வெச்சா இன்னும் விசேஷம். வாக்காளர் அட்டை பையிலயே இருக்குது." கோப்பில் அன்று இரண்டு பக்கம் எழுதினார்.

ஒரு காலையில் இட்லி ஊற்றலாம் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். இரண்டாவது பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டியது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே சீனுவாசன் நின்றார். எது எப்படி இயங்குகிறது என்று ஆராயும் அந்த மூளை மெல்ல இயங்கியது. பை எல்லையைத் தாண்டிவிட்டது. பை தனியாகப் போகாது. ஆகவே...

போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. காதுக் குல்லாய்க்குள் அம்சவள்ளியின் முகம் சிவந்திருந்தது.

"பை எங்க?" என்று கேட்டார் சீனுவாசன்.

"பைய வுடுங்க. இத்தப் பாருங்க."

போன் திரும்பியது. திரை முழுக்க வெள்ளையாக மலை. அந்த மலையைச் சீனுவாசன் எத்தனையோ முறை விரலால் தொட்டிருக்கிறார். அது இவ்வளவு பெரியது என்று விரல் சொன்னதேயில்லை. மலைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. அழுகையா, மூச்சிரைப்பா என்று பிரித்தறிய முடியவில்லை.

"பாத்துட்டேங்க. பாதி தூரம் குதுர. மீதி நானே நடந்துட்டேன்."

"முட்டி?"

"அது கெடக்குது வுடுங்க."

 சீனுவாசனுக்கு ஏதோ சொல்லவேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது இதுதான்: "அங்க மூச்சு ஏன் வாங்குதுன்னா, காத்துல ஆக்ஸிஜன் இருக்குது பாரு..."

"அண்ணே, அத்த மூச்சு வாங்கிக்கினே தெரிஞ்சிக்கினோம்," என்றது இளவரசியின் குரல்.

அம்சவள்ளி போனைத் தன் பக்கம் திருப்பினார். "ஏங்க, ஞாயித்துக்கெழம தாம்பரத்துல எறங்குறோம். முட்டி வீங்கிக்கினு இருக்குது, பஸ் ஏற முடியாது. கார எடுத்துக்கினு வர்றீங்களா?"

சீனுவாசனின் உள்ளங்கை வியர்த்தது. போன் வழுக்கியது. இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தாம்பரமா? நல்ல கேள்வி. தாம்பரத்துக்கு வழி ரெண்டு இருக்குது. ஞாயித்துக்கெழமன்னா ஊருக்குத் திரும்புற வண்டியெல்லாம் ஒண்ணா வரும். அப்ப செங்கல்பட்டுல இன்னா ஆவும்னா..."

செங்கல்பட்டைத் தாண்ட அம்சவள்ளி விடவில்லை.

"வேணாங்க. நாங்க வாடகைக் கார் வெச்சிக்கினு வந்துடறோம்," என்றார் அம்சவள்ளி. குரலில் கோபமே இல்லை. "கெளம்ப முடியாத ஒண்ண ஒரு எடத்துல பத்திரமா வெச்சிட்டுப் போறதுதானே பரஸ்தானம்? அத்த நாங்க விழுப்புரத்துலயே வெச்சிட்டுத்தான் வந்தோம்."