விளக்கம் கேட்கப்படாத முழங்கால்

உலகத்தில் கருணை வற்றிவிட்டது என்று புலம்புகிறவர்கள், மருத்துவச் செலவுப் பிரிவின் கண்காணிப்பாளரைச் சந்திக்காதவர்கள். அவர் ஒருவர் இருக்கும்வரை கருணைக்குப் பஞ்சமில்லை. அது இருக்கிற இடத்தைத்தான் கொஞ்சம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அலுவலகத்தில் அவருக்கு 'விளக்கம் சார்' என்று பெயர். எந்த மருத்துவ விண்ணப்பம் வந்தாலும் ஓரத்தில் பச்சை மையில் 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பெரியவர், சிறியவர் என்ற பேதமே கிடையாது. அலுவலக ஜீப் டிரைவரின் முழங்கால் அறுவை சிகிச்சைக் கோப்பு நான்கு ஆண்டுகளாக அவருடைய 'நேரடிப் பராமரிப்பில்' இருந்தது. "எந்த முழங்கால் எனக் குறிப்பிடப்படவில்லை" என்பது முதல் விளக்கம். வலது என்று பதில் வந்தது. "விண்ணப்பதாரருக்கு வலதா, எதிரே நிற்பவருக்கு வலதா?" என்று அடுத்தது போனது. "இடது முழங்கால் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. அதைக் கொண்டு சமாளிக்க இயலாதா?" என்று இன்னொன்று. கடைசியாகப் போன மாதம்: "வலிப்பதாக விண்ணப்பதாரர் கூறுகிறார். கூறுவது சான்றாகாது."

இப்பேர்ப்பட்ட நீதிமானின் வீட்டில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பட்டன் சோபாவிலிருந்து குதித்தது.

பட்டன் என்பது நாய். எட்டு வயது, பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் கணவன் மனைவி பேச்சில் முக்கால்வாசி அதன் வழியாகத்தான் நடக்கும். "பட்டன், உங்கப்பாவைக் குளிக்கச் சொல்லு" என்பாள் மனைவி. "பட்டன், துண்டு எங்கேன்னு உங்கம்மாவைக் கேளு" என்பார் இவர்.

குதித்த பட்டன் வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. சத்தமும் போடவில்லை. மூன்று காலில் மெல்ல வந்து அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"என்னங்க, புள்ள நொண்டுதுங்க!"

ஒரு கோப்பை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்த நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும் மனிதர், நான்கே நிமிடத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நாயைத் தூக்கியபடி தெருவில் நின்றார்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தார். "முட்டி ஜவ்வு அறுந்துபோச்சு சார். எலும்பை வெட்டி, பிளேட் வெச்சு சரி பண்ணணும்." தொகையையும் சொன்னார். விளக்கம் சாரின் ஐந்து மாதச் சம்பளம். அவர் முகத்தைப் பார்த்து மருத்துவர் இரக்கப்பட்டார். "மத்த மூணு காலும் நல்லா இருக்கு. மருந்து கொடுத்து, ஓடவிடாம வெச்சிருந்தா சமாளிச்சுக்கும்."

"சமாளிக்கிறதா?" விளக்கம் சார் எழுந்துவிட்டார். "ஒரு கால் வலிக்கிறப்ப மத்த கால் நல்லா இருந்து என்ன சார் பிரயோஜனம்? நீங்க டாக்டரா, ஆபீஸ் குமாஸ்தாவா?"

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மருத்துவர் நீட்டிய ஏழு ஒப்புதல் தாள்களிலும், வாழ்க்கையில் முதல் தடவையாக, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கார் வாங்கச் சேர்த்திருந்த வைப்புத்தொகையை அன்றே உடைத்தார். "முன்கூட்டியே எடுக்க என்ன காரணம் சார்?" என்று வங்கியில் இருந்த பெண் கேட்டாள்.

"குடும்பத்துல ஆபரேஷன்மா. மனுஷன் தவிச்சுக்கிட்டு நிக்கிறான், இதுக்குப் போயி விளக்கம் கேப்பாங்களா?"

அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம் நடந்தது. வெளியே பெஞ்சில் பட்டன் நடுவில் இல்லாததால், கணவனும் மனைவியும் நேரடியாகப் பேச வேண்டியதாயிற்று.

"பயமா இருக்கு" என்றார் அவர்.

"எனக்கும்தான்" என்றாள். வெகு நாட்களுக்குப் பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டன் பிழைத்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். கார் பணம்தான் காலாகிவிட்டதே. அலுவலக ஜீப் வந்தது. பயணக் குறிப்பேட்டில் 'முழங்கால் தொடர்பான கள ஆய்வு' என்று எழுதினார். அதில் பொய் ஒன்றுமில்லை.

படுக்கை தயார் செய்ய மனைவி முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டுப்போட்ட காலோடு பட்டன் பின்சீட்டில் அவர் மடியில் படுத்திருந்தது. டிரைவர் ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டுப்பா. குலுங்குது பாரு."

"சரிங்க சார்." கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் கேட்டார்: "வாயில்லா ஜீவனாச்சே சார், வலிக்குதுன்னு அது எப்படிச் சொல்லிச்சு?"

"சொல்லணுமாப்பா? நடக்கிறதப் பார்த்தா தெரியாது? கண்ணு இருக்கிறவனுக்குச் சான்றிதழா வேணும்?"

"வாஸ்தவம் சார்."

வீடு வந்தது. இரண்டு கையிலும் நாய் இருந்ததால் விளக்கம் சாரால் கதவைத் திறக்க முடியவில்லை. டிரைவர் இறங்கினார். வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். கதவைப் பிடித்து நிமிர்ந்தார். பானெட்டில் கையை ஊன்றி ஊன்றி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்கதவுக்கு வந்து சேர்ந்தார்.

மடியிலிருந்த பட்டன் தலையைத் தூக்கி அந்த நடையை முதலிலிருந்து கடைசிவரை கண்ணாடி வழியாகப் பார்த்தது. பிறகு மெல்ல முனகியது.

விளக்கம் சார் பதறிப்போய் அதன் மேல் குனிந்தார். "என்னடா கண்ணா, ரொம்ப வலிக்குதா?"

கதவு திறந்தது. "ஆமா சார்" என்றார் டிரைவர்.

"உன்னை யாருப்பா கேட்டா?" என்றார் விளக்கம் சார்.

நியாயம்தான். நான்கு ஆண்டுகளில் எத்தனையோ விளக்கம் கேட்டவர், அதை மட்டும் கேட்டதே இல்லை.